கியாஸுக்கு மாற்றிய லாரி மக்கர் செய்தால்: உப்புக்காற்றுப் பக்கத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை போகும் சாலையில் பட்டறை வைத்திருக்கிறேன். டீசலிலிருந்து சி.என்.ஜி.க்கு, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவுக்கு, மாற்றிய வண்டிகள்தான் இப்போது என்னிடம் அதிகம் வருகின்றன. பாம்பனிலும் மண்டபத்திலும் மீன் ஏற்றுகிற வண்டி, வாலிநோக்கத்தில் உப்பு ஏற்றுகிற வண்டி, முதுகுளத்தூர் பக்கம் கரிமூட்டத்திலிருந்து கரி ஏற்றுகிற வண்டி. வந்து இறங்கியதும் ஓட்டுநர் சொல்வது பெரும்பாலும் ஒரே வார்த்தை: "அண்ணே, கிட்டு போயிருச்சு." கிட்டு என்றால் வண்டியைக் கியாஸுக்கு மாற்றப் பொருத்திய பாகங்களின் தொகுப்பு. பத்தில் ஏழு வண்டியில் கிட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஏதோ ஒரு இணைப்பில் பச்சை பூத்திருக்கும், இல்லை ஒரு ஸ்பார்க் பிளக் தொப்பிக்குள் உப்பு ஈரம் இறங்கியிருக்கும். அதைப் பார்க்காமல் ரெகுலேட்டரை (கியாஸ் அழுத்தத்தைக் குறைத்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) மாற்றி, இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி, பல ஆயிரம் செலவழித்த பிறகு வருகிறார்கள். அந்தச் செலவு இனி யாருக்கும் வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். டீசல் பம்பையும் இன்ஜெக்டரையும் எடுத்துவிட்டு, பிஸ்டனில் அழுத்தம் குறைத்து, ஸ்பார்க் பிளக் போட்டிருந்தால் அது முழுக் கியாஸ் வண்டி. டீசல் டேங்க் இன்னும் வேலை செய்து, கியாஸ் காற்றோடு கலந்து போனால் அது கலப்பு வண்டி. கலப்பு வண்டிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கியாஸ் சுவிட்சை அணைத்து வெறும் டீசலில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் கோளாறு இருந்தால் அது டீசல் பக்கத்துக் கோளாறு, கியாஸைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டர் வரை உள்ள பைப்பில் 200 பார் வரை அழுத்தம் இருக்கும். லாரி டயரில் இருப்பதைப் போல சுமார் 25 மடங்கு. அந்தப் பகுதியில் எந்த நட்டையும் நீங்கள் கழற்றவும் கூடாது, இறுக்கவும் கூடாது. கீழே சொல்லும் சோதனைகளில் அந்தப் பக்கத்தைக் கண்ணால் பார்ப்பது, சோப்பு நுரை தடவுவது, கை வால்வை மூடுவது, இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கியாஸ் வாடை அடிக்கிறது

வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, சாவியை அணைத்து, சிலிண்டரில் உள்ள கை வால்வை மூடுங்கள். தகரக் கொட்டகைக்குள் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். சமையல் கியாஸ் தரையில் தேங்கும், இது காற்றைவிட லேசு என்பதால் மேலே ஏறிக் கூரையடியில் தேங்கும். சிலிண்டர் மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தால் உடனே விலக்குங்கள். வாடை அடங்கும்வரை எந்த சுவிட்சையும் தொட வேண்டாம், பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் வாடை எப்போது வருகிறது என்று யோசியுங்கள்.

*கியாஸ் போட்டவுடன் மட்டும் வந்தால்:* நிரப்பும் வாயில் உள்ள ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும், அல்லது மணல் போயிருக்கும். மூடி தொலைந்துபோன வண்டிகளில் இது கட்டாயம் வரும். ஏர்வாடி, சாயல்குடிப் பக்கம் காற்றோடு மணல் பறக்கும் மாதங்களில் மூடியில்லாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். வளையம் மலிவான பொருள்.

*இன்ஜின் ஓடும்போது மட்டும் வந்தால்:* ரெகுலேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ். மடங்கும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா, கிளாம்ப் துருப்பிடித்து அறுந்திருக்கிறதா பாருங்கள்.

*நின்றாலும் ஓடினாலும் வந்தால்:* உயர் அழுத்தப் பக்கம். வாடை அடங்கிய பிறகு, வெட்டவெளியிலேயே, சோப்புத் தண்ணீரை நுரைத்து பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். குமிழ் வரும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு, நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

குமிழ் வந்த இணைப்பைச் சரிசெய்வது உங்கள் வேலை இல்லை. கிட் பொருத்த அனுமதி பெற்ற இடத்துக்குப் போன் செய்யுங்கள். வண்டி தீப்பிடித்தால் சிலிண்டரைக் காப்பாற்றப் போகாதீர்கள். தள்ளி ஓடி 101க்கு அழையுங்கள்.

இங்கே சிலிண்டரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். உப்பு வண்டியில் பாரத்திலிருந்து உப்புநீர் சொட்டிக்கொண்டே வரும். மீன் வண்டியில் ஐஸ் உருகிய தண்ணீர். அது சிலிண்டரைப் பிடித்திருக்கும் பட்டைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் அட்டையில் ஊறி அங்கேயே தங்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். பட்டைக்கு அடியில், விரல் அகலத்துக்கு ஒரு வளையமாகத் துரு தின்றிருக்கும். டார்ச் அடித்துப் பட்டையின் விளிம்பைப் பாருங்கள். பெயின்ட் உப்பியிருந்தாலோ, பழுப்புத் தண்ணீர் வழிந்த தடம் இருந்தாலோ சோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். மேலே பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனை எப்படியும் செய்தாக வேண்டும். கடைசியாகச் சோதித்த தேதி சிலிண்டர் கழுத்துப் பக்கம் குத்தப்பட்டிருக்கும். எங்கள் கடற்கரையில் அந்தத் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டையடியைப் பாருங்கள்.

ஸ்டார்ட்டரே சுற்றவில்லை

பல வண்டிகளில் நிரப்பும் வாய் மூடியோடு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். மூடி திறந்திருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. கியாஸ் போடும்போது யாரும் வண்டியைக் கிளப்பிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. உப்புக்காற்றில் முதலில் சாகிற பாகம் இதுதான். மூடியை இரண்டு முறை திறந்து அழுத்தி மூடிப் பாருங்கள். அப்போது ஸ்டார்ட் ஆனால் சுவிட்சை மாற்றுங்கள். ஒயரை நேராக முறுக்கி சுவிட்சைத் தாண்டி விடுகிற வேலை செய்யாதீர்கள். அடுத்த முறை கியாஸ் போடும்போது குழாய் மாட்டியிருக்கும்போதே வண்டி கிளம்பிவிடும்.

அடுத்தது பேட்டரி முனை. அதற்கடுத்தது எர்த் ஒயர், அதாவது இன்ஜினையும் சேசிஸையும் பேட்டரி நெகட்டிவோடு இணைக்கும் ஒயர்.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

போன ஆண்டு மழைக்காலம். மண்டபத்தில் மீன் ஏற்றிய ஒரு வண்டி விடியற்காலை மூன்று மணிக்கு உச்சிப்புளி தாண்டி நின்றுவிட்டது. பின்னால் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் சின்னப் பையன், போனில் குரல் நடுங்கியது. "அண்ணே, சுத்துது, பிடிக்க மாட்டேங்குது. கம்ப்யூட்டரு போயிருச்சுன்னு சொல்றாங்க." நான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் உள்ள எர்த் ஒயரைப் பிடித்து லேசாக அசைத்தேன். வெளியே உறை நன்றாக இருந்தது. முனையைக் கழற்றியதும் உள்ளே இருந்த செம்பு பச்சைப் பொடியாகக் கையில் உதிர்ந்தது. நாலைந்து இழைதான் மிச்சம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது கரண்ட் அத்தனையும் அந்த நாலைந்து இழையில் போனால் கம்ப்யூட்டருக்கு வோல்ட் எப்படிக் கிடைக்கும்? வண்டியில் இருந்த ஜம்பர் கேபிளை இன்ஜினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் போட்டேன். ஒரே சுற்றில் பிடித்தது. மீன் மதுரைக்குப் போய்விட்டது.

அதனால் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் கியாஸ் முள்ளையும் (கியாஸ் அழுத்தம் காட்டும் மீட்டர் முள்) கை வால்வையும் பாருங்கள். வண்டியைக் கழுவியவர்கள், டிங்கர் வேலை செய்தவர்கள் வால்வை மூடிவிட்டுத் திறக்க மறந்திருப்பார்கள்.

அடுத்து மல்டிமீட்டர். பேட்டரி முனைகளில் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். 12 வோல்ட் வண்டியில் 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சார்ஜ் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். பேட்டரி சரி என்றால், மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து மறுபடி சுற்றுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டுவிட்டது. புது ஒயர் போட்டு, முனையைத் தேய்த்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள்.

மூன்றாவது, சாவியைப் போட்டதும் ரெகுலேட்டர் பக்கம் "டக்" என்று சொலினாய்டு (கரண்டில் திறந்து மூடும் கியாஸ் வால்வு) சத்தம் கேட்க வேண்டும். சில கிட்டில் ஓரிரு நொடி மட்டும் திறந்து மூடும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, சொலினாய்டின் ஒயர் பிளக் மூன்றையும் கழற்றிப் பாருங்கள். பிளக்கின் ஊசிகளில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து மாட்டினாலே பாதி வண்டி சரியாகும்.

நான்காவது ஸ்பார்க். பார்க்கும் முன் கை வால்வை மூடி, லைனில் மிச்சமுள்ள கியாஸ் தீரும்வரை சில முறை சுற்றிவிட்டு, ஐந்து நிமிடம் விட்டு, ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி இன்ஜின் ஹெட் மேலேயே வைத்துச் சுற்றும் பழைய பெட்ரோல் வண்டிப் பழக்கம் இங்கே ஆபத்து. பிளக் ஓட்டை வழியாகக் கியாஸ் வெளியே வரும்.

இன்ஜினின் எந்தச் சிலிண்டரிலும் ஸ்பார்க் இல்லையென்றால், பிளைவீல் பக்கம் இருந்து இன்ஜின் சுற்றைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைக் கழற்றித் துடையுங்கள். அதன் முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கும். அதற்கும் வழிக்கு வரவில்லையென்றால் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போகும் நேரம் அது. கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னால், "எர்த்தைச் சோதித்தீர்களா?" என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

மிஸ்ஸிங் அடிக்கிறது, சைலன்சரில் வெடிக்கிறது

கியாஸைப் பற்ற வைக்க பெட்ரோலைவிட அதிக வோல்ட் வேண்டும். ஆகவே கரண்ட் எங்கே எளிதாக வெளியேற முடியுமோ அங்கே ஓடும். ஈரமும் உப்பும் சேர்ந்த பிளக் தொப்பி அதற்கு நல்ல வழி. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் காலை நேரம் மட்டும் மிஸ்ஸிங் அடித்து, வெயில் ஏறியதும் சரியாகிற வண்டி என்றால், வேறு எதையும் தேட வேண்டாம்.

இருட்டியதும் பானட்டைத் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, விளக்கை அணைத்துப் பாருங்கள். கை உள்ளே போகக் கூடாது. தொப்பியிலிருந்து ஹெட்டுக்கு நீலமாக மின்னல் ஓடினால் கண்டுபிடித்துவிட்டீர்கள். பகலில் பார்க்க, இன்ஜினை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். பென்சிலால் கீறியது போல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இருக்கும். அதே கோடு பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் இருக்கும். தொப்பி, பிளக் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும். புதுத் தொப்பிக்குள் சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவி மாட்டினால் உப்பு ஈரம் உள்ளே போகாது.

கோடு இல்லையென்றால் பிளக் இடைவெளி. கிட் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுதான் சரி. கியாஸுக்குப் பெட்ரோல் வண்டியைவிடக் குறைவாகவே வைப்பார்கள். தேயத் தேய இடைவெளி கூடும், கூடக் கூட மிஸ்ஸிங் வரும். பெட்ரோல் காரின் பிளக்கை அவசரத்துக்குப் போட்டு ஓட்டாதீர்கள், சூடு தாங்காது.

பிளக்குக்கு வோல்ட் கொடுக்கும் காயில்களில் இரண்டை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் காயில் போய்விட்டது.

வெடி எங்கே கேட்கிறது என்பதும் முக்கியம். சைலன்சரில் என்றால் எரியாத கியாஸ் அங்கே போய் எரிகிறது, மேலே சொன்ன மிஸ்ஸிங்கைச் சரிசெய்தால் நின்றுவிடும். ஏர் ஃபில்டர் பக்கம் "பட்" என்று வெடித்தால் வண்டியை ஓட்டாதீர்கள். கியாஸ் குறைவாகப் போகிறது, டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) தப்பியிருக்கிறது, அல்லது காற்று வால்வு மூடவில்லை. ஒரே வெடியில் ஃபில்டர் பெட்டி கிழிந்ததைப் பார்த்திருக்கிறேன். அதை டியூனிங் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஓடுகிறது, இழுவை இல்லை

எங்கள் மாவட்டம் தட்டைத்தரை. பெரிய ஏற்றம் என்றால் பாம்பன் பாலம்தான். அதில் பாரத்தோடு ஏறும்போதுதான் ஓட்டுநருக்கு இழுவை குறைந்தது தெரியும். டர்போ இல்லாத வண்டியில் இன்ஜின் உறிஞ்சுவதில் பத்தில் ஒரு பங்கு இடத்தைக் கியாஸே எடுத்துக்கொள்ளும். டீசலில் இருந்த இழுவை முழுதும் வராது. அதைக் கோளாறு என்று எண்ணிக் காசு செலவழிக்க வேண்டாம். முன்பு இருந்து இப்போது குறைந்தால்தான் கோளாறு.

ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள். கரி ஏற்றும் வண்டியில் இழுவை குறைய இதில் அடைப்பு ஒன்றே போதும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, த்ராட்டில் தகடு முழுக்கத் திறக்கிறதா என்று பாருங்கள். கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நிற்கும்.

பாரத்தில் மிதிக்கும்போது கியாஸ் முள் மளமளவென்று இறங்கி, காலை எடுத்ததும் ஏறினால், வழியில் அடைப்பு இருக்கிறது. கை வால்வு பாதி திறந்திருக்கலாம், அதை நீங்களே பார்க்கலாம். அடுத்தது கியாஸ் ஃபில்டர். நிரப்பும் நிலையத்துக் கம்பிரசர் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கியாஸோடு வந்து அதில் தேங்கும். ரெகுலேட்டருக்கு அப்பால் உள்ள குறைந்த அழுத்த ஃபில்டரை வால்வை மூடி, லைனைக் காலி செய்து மாற்றலாம். உயர் அழுத்த ஃபில்டர் கிட்காரர் வேலை.

இதெல்லாம் சரியாக இருந்தும் இழுவை இல்லையென்றால் டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் உள்ள சந்து) பாருங்கள். கியாஸ் உலர்ந்த எரிபொருள். எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையைக் குடைந்துகொண்டு மேலே ஏறும், அதனால் இடைவெளி குறையும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் குறைந்துகொண்டே போனால் ஹெட் வேலை வந்துவிட்டது. கம்பிரஷன் அளந்து உறுதி செய்துவிட்டு ஹெட்டை இறக்குங்கள். கியாஸுக்கேற்ற கெட்டியான வால்வு சீட் போடச் சொல்லுங்கள். ஆயிலும் கியாஸ் இன்ஜினுக்கென்று வரும் சாம்பல் குறைந்த ஆயிலாக இருக்கட்டும்.

ரெகுலேட்டரில் பனி பிடிக்கிறது, கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது

இந்த வெயிலில் பனியா என்று நம்ப மாட்டார்கள். 200 பாரிலிருந்து சில பாருக்கு இறங்கும்போது கியாஸ் அவ்வளவு குளிரும். அதைச் சூடாக்கத்தான் ரேடியேட்டர் தண்ணீர் ரெகுலேட்டர் வழியாகப் போகிறது. இன்ஜின் சூடேறிய பிறகு அந்த ஹோஸ்கள் இரண்டும் சூடாக இருக்க வேண்டும். ஒன்று சூடு, ஒன்று ஐஸ் கட்டி என்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது அல்லது ஹோஸ் மடங்கியிருக்கிறது. இரண்டுமே குளிர்ச்சி என்றால் தண்ணீர் குறைவு, அல்லது யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். டீசல் வண்டியில் இங்கே அது வழக்கம். கியாஸ் வண்டியில் தெர்மோஸ்டாட் இருந்தே ஆக வேண்டும். பனியைக் கரைக்க வெந்நீர் ஊற்றுங்கள், நெருப்பு காட்டாதீர்கள்.

தண்ணீர் ஓட்டம் சரியாக இருந்தும் பனி பிடித்தால் உள்ளே உள்ள டயஃப்ரம், அதாவது ரப்பர் சவ்வு, கெட்டிருக்கும். அது நிபுணர் வேலை.

இன்ஜின் சூடாகிறது

ரேடியேட்டருக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? முதல் கேள்வி அதுதான். கடற்கரை ஊர்களில் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் உவர். வழியில் கிடைத்ததை ஊற்றி ஊற்றி உள்ளே சுண்ணாம்பு கட்டியிருக்கும். முழுக்க இறக்கிக் கழுவி, கூலண்ட் கலந்த நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். வெளிப்பக்கம் செதிலும் உப்பும் ஒட்டிய இதழ்களைப் பின்னாலிருந்து மெதுவாகக் கழுவுங்கள். அப்புறம் பெல்ட், ஃபேன். அதற்கும் அடங்கவில்லையென்றால் கியாஸ் குறைவாகவோ டைமிங் பின்தங்கியோ இருக்கிறது. ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது ரெகுலேட்டர் கிழிசல். அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

கலப்பு வண்டியில் பாரத்தில் தட்டும் சத்தம்

கியாஸ் சுவிட்சை அணையுங்கள். சத்தம் நின்றால் கியாஸ் அளவு கூடிவிட்டது அல்லது உள்ளே போகும் காற்று சூடாக இருக்கிறது. அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் அடைப்பைச் சுத்தம் செய்து பாருங்கள். டீசலை மிச்சப்படுத்தலாம் என்று கியாஸை இன்னும் கூட்டச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. இன்ஜெக்டர் முனையைக் குளிரவைப்பதே அதன் வழியாகப் போகும் டீசல்தான். அதைக் குறைத்தால் முனை கருகும், பிஸ்டனில் ஓட்டை விழும். அணைத்த பிறகும் சத்தம் இருந்தால் டீசல் மெக்கானிக்கிடம் போங்கள்.

கியாஸ் நிற்கவில்லை, ஓட்டம் கொடுக்கவில்லை

ஒரு கிலோ கியாஸ் சுமார் 1.3 லிட்டர் டீசலுக்குச் சமம். அந்தக் கணக்கை வைத்துப் பழைய மைலேஜோடு ஒப்பிடுங்கள், லிட்டரையும் கிலோவையும் நேராக ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். நடுப்பகலில் போட்டால் கியாஸ் சூடாக ஏறி, ஆறியதும் முள் இறங்கும். காலையில் போடுங்கள், அதே முள்ளுக்கு அதிகக் கியாஸ் பிடிக்கும்.

கசிவா என்று பார்க்க, இரவு நிறுத்தும்போது முள்ளைக் குறித்துவையுங்கள். விடியலில் கொஞ்சம் இறங்கியிருக்கும், அது குளிர்ச்சியால். வண்டியை எடுக்காமல் வெயில் ஏறும்வரை விட்டு மறுபடி பாருங்கள். பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் கசிவு இல்லை. ஏர் ஃபில்டர், பிளக், டேப்பெட் என்று மேலே சொன்ன வரிசையில் போங்கள். வராவிட்டால் அடுத்த இரவு கை வால்வை மூடி நிறுத்துங்கள். காலையில் வால்வைத் திறக்கும் முன் முள் விழுந்திருந்தால் கசிவு லைனில். முள் நின்றிருந்தும் சிலிண்டர் பக்கம் வாடை இருந்தால் வால்விலேயே கசிவு. அந்த வண்டியை மூடிய கொட்டகையில் நிறுத்தாமல், வால்வைத் தொடாமல், சோதனை நிலையத்து ஆளை வண்டி இருக்கும் இடத்துக்கே வரச் சொல்லுங்கள்.